ஒரு கம்பி, மூன்று உலகம் – 9: வேலை செய்யாத இரண்டு துளைகள்

சென்ற வாரம்: லூயி பூஸான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உருவாக்கிய சிக்ளாட் வலையமைப்புக்கு, 1970-களின் இறுதியில் அரசு பணத்தை நிறுத்தியது. செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றையும் தன் வழியில் போகவிட்டு, முனையில் இருக்கும் கணினியே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும் அந்த யோசனை, பிறந்த நாட்டிலேயே கைவிடப்பட்டது.

இனி...

2002 செப்டம்பர் 12. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்தின் தலைவர் மிஷேல் பொன் பதவி விலகினார்.

அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 1,220 கோடி யூரோ நஷ்டம். கடன் சுமை ஏறக்குறைய 7,000 கோடி யூரோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆரஞ்ச் செல்போன் நிறுவனத்தை வாங்கியது உட்பட, அடுத்தடுத்துச் செய்த பெரிய கொள்முதல்கள் கழுத்தை நெரித்தன. 2000 மார்ச்சில் 200 யூரோவைத் தாண்டி விற்ற பங்கு, இப்போது ஏறக்குறைய 10 யூரோவுக்குச் சரிந்து கிடந்தது. ஆனாலும் அந்த நிறுவனத்திடம் ஒரு சொத்து பத்திரமாக இருந்தது: பிரான்ஸின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழையும் தாமிரக் கம்பி.

அதே செப்டம்பரில், பாரிஸில் ஒரு சின்ன நிறுவனம் அறிவிப்பு வெளியிட்டது. பெயர் ஃப்ரீ. அதிவேக இணைய இணைப்பு, மாதம் 29.99 யூரோ. பிரான்ஸ் டெலிகாமின் இணையப் பிரிவான வனடூ அதே வேகத்துக்கு ஏறக்குறைய 45 யூரோ வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

விலையைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் பலர். பெட்டியைப் பார்த்தவர்களுக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

இணைப்புக்காக வீட்டுக்கு வந்த மோடத்தின் பெயர் ஃப்ரீபாக்ஸ். முதுகுப் பக்கம் கணினிக்கு ஒரு துளை. சரி. தொலைபேசிக் கருவியைச் செருக ஒரு துளை. டிவியோடு இணைக்க இன்னொன்று. செருகிப் பார்த்தால் இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. சத்தமும் இல்லை, படமும் இல்லை.

வேலை செய்யாத துளைகளை ஒரு நிறுவனம் ஏன் செலவழித்து வைக்க வேண்டும்?

சிள்வண்டும் மினிடெல்லும்

விடைக்கு முன் முப்பது ஆண்டுகள் பின்னால் போய் வர வேண்டும்.

1970-ல் பிரான்ஸின் மக்கள்தொகை ஐந்து கோடி. தொலைபேசி இணைப்புகள் சுமார் 40 லட்சம். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பாதி நாடு இணைப்புக்குக் காத்திருக்கிறது, மீதி நாடு டயல் டோனுக்குக் காத்திருக்கிறது என்பது அப்போது ஊரெல்லாம் உலவிய பேச்சு.

அரசு விழித்துக்கொண்டது. தொலைத்தொடர்புத் துறைத் தலைவர் ஜெரார் தெரி தலைமையில் கம்பி இழுக்கும் வேலை போர்க்கால வேகத்தில் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் இணைப்புகள் இரண்டு கோடியை எட்டின. அத்தனையும் அரசுத் துறை, ஏகபோக உரிமையோடு இழுத்த கம்பி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கப்போகும் சண்டைக்கு இதுதான் வேர்.

இதே காலத்தில்தான் பாரிஸுக்கு அருகில் ரொக்கான்கூரில் லூயி பூஸானின் குழு உழைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வலையமைப்பின் உட்பகுதிக்கு சிகால் என்று பெயர். சிள்வண்டு என்று பொருள். கணினிகளில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, பொட்டலம் ஒன்று கடந்து போகும்போதெல்லாம் கிரீச்சிடும்படி செய்திருந்தார்கள். போக்குவரத்து கூடினால் அறையில் சிள்வண்டுக் கூட்டத்தின் சத்தம்.

தொலைத்தொடர்புத் துறைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பூஸானின் வலை, பொட்டலங்களை நகர்த்துவதோடு சரி. வரிசை மாறினாலும் தொலைந்தாலும் முனையில் இருக்கும் கணினி பார்த்துக்கொள்ளும். துறைக்கோ, எல்லாக் கட்டுப்பாடும் நடுவில் தன் கையில் இருக்க வேண்டும். யார் யாரோடு பேசினார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்று கணக்கு வைக்க வேண்டும். அதற்காக அவர்கள் கட்டிய வலையமைப்பு டிரான்ஸ்பாக். 1978 இறுதியில் திறந்தார்கள். சிள்வண்டு அடங்கியது.

டிரான்ஸ்பாக்கின் மேல் ஏறி வந்ததுதான் மினிடெல். சின்னத் திரை, மடக்கும் விசைப்பலகை. தடித்த தொலைபேசி அட்டவணைப் புத்தகத்துக்குப் பதிலாக இலவசமாகவே வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். 1982-ல் நாடு தழுவிய அறிமுகம். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு, அரட்டை எல்லாம் அதில் வந்தன. 1990-களில் 60 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள். உலகம் இணையம் என்ற சொல்லையே கேள்விப்படாத காலத்தில் பிரெஞ்சுப் பாட்டி விசைப்பலகையைத் தட்டி டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். இது பெரிய சாதனை.

ஆனால் மினிடெல் பெட்டிக்குச் சொந்த மூளை இல்லை. எழுத்தை வாங்கும், திரையில் காட்டும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் தொலைபேசி பில்லில் ஏறும். சேவை நடத்துபவருக்கு ஒரு பங்கு, துறைக்கு ஒரு பங்கு. நிமிடம்தான் பணம்.

அந்த நிமிடத்தில் பணம் பண்ணக் கற்றுக்கொண்டு ஒரு பையன் வளர்ந்தான்.

மினிடெல் வளர்த்த பிள்ளை

ஸாவியே நியெல். 1967-ல் பிறந்தவர். பாரிஸின் புறநகரான கிரெத்தேயில் வளர்ந்தார். பதின்வயதிலேயே மினிடெல்லுக்கு நிரல் எழுதத் தொடங்கினார். வயது வந்தோருக்கான அரட்டைச் சேவைகளில் சம்பாதித்தார். 1991-ல் ஒரு சிறு நிறுவனத்தை வாங்கினார். அதுவே பிறகு இலியாத் ஆனது. தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் யாருடையது என்று சொல்லும் தலைகீழ் அட்டவணைச் சேவை இலியாத்துக்கு நல்ல வருமானம் கொடுத்தது.

1999 ஏப்ரலில் இலியாத் ஃப்ரீயைத் தொடங்கியது. மாதச் சந்தா இல்லாத டயல்-அப் இணையம். வாடிக்கையாளர் உள்ளூர் அழைப்புக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ஃப்ரீக்கு வரும். சூத்திரம் மினிடெல்லில் கற்றதுதான்.

ஆனால் நியெல் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தார். நிமிடக் கணக்கு நீண்ட நாள் ஓடாது. அதிவேக இணையம் வந்துவிட்டால், இணைப்பு இரவும் பகலும் திறந்தே இருக்கும். அப்போது எந்த நிமிடத்தை எண்ணுவது?

அதிவேக இணையத்துக்கு வீடு வரை கம்பி வேண்டும். கம்பியோ, பழைய தொலைத்தொடர்புத் துறையே நிறுவனமாக மாறிய பிரான்ஸ் டெலிகாமுடையது. இன்னொரு முறை நாடு முழுக்கத் தோண்டிக் கம்பி புதைக்க யாரிடமும் பணம் இல்லை.

கதவு பூட்டியிருந்தது. சாவி வேறொரு ஊரிலிருந்து வந்தது.

எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு அறை

2000 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியை நிறைவேற்றியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை ஓடும் கம்பியைப் பழைய ஏகபோக நிறுவனங்கள் போட்டியாளருக்கு வாடகைக்கு விட்டே ஆக வேண்டும். 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸும் தன் பங்குக்கு 2000 செப்டம்பரிலேயே ஆணை போட்டிருந்தது.

காகிதத்தில் எளிது. களத்தில் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள் போவோம்.

கதவைத் திறந்தால் சுவர் நீளத்துக்கு ஒரு இரும்புச் சட்டகம். ஒரு பக்கம், தெருக்களிலிருந்து வரும் கம்பி ஜோடிகள் வரிசையாக முடியும் இடம். மறுபக்கம், எக்ஸ்சேஞ்ச் இயந்திரங்களுக்குப் போகும் முனைகள். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஜம்பர் கம்பிகள். ஒரு வீட்டின் இணைப்பு என்பது இங்கே ஒரே ஒரு ஜம்பர். அதை ஒரு முனையிலிருந்து கழற்றி வேறொரு முனையில் செருகினால், அந்த வீடு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறிவிடும். சில நிமிட வேலை.

ஆனால் செருகுவதற்கு இன்னொரு நிறுவனத்தின் இயந்திரம் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். அதற்கு அறை வேண்டும், மின்சாரம் வேண்டும், குளிரூட்டி வேண்டும், உள்ளே நுழைய அனுமதி வேண்டும். எல்லாம் பிரான்ஸ் டெலிகாமிடமே கேட்டுப் பெற வேண்டும். நாடு முழுக்கச் சுமார் 12,000 எக்ஸ்சேஞ்சுகள். விதி வந்தும் முதல் ஆண்டில் அசைவு மிகக் குறைவு. அறைக்குக் கேட்ட விலையும் கம்பிக்குக் கேட்ட வாடகையும் கட்டுபடியாகாமல், களத்தில் இறங்கிய பல நிறுவனங்கள் பின்வாங்கின.

திருப்பம் 2002 ஏப்ரலில் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வாடகையைக் குறைத்தது. கம்பியை முழுதாக எடுத்தால் மாதம் 10.50 யூரோ. பகிர்ந்து எடுத்தால் 2.90 யூரோ.

பகிர்வது எப்படி? மனிதக் குரலுக்குக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள இடம் போதும். அதற்கு மேலே ஏறக்குறைய 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை வெறுமனே கிடக்கிறது. கீழ்ப்பகுதியில் பழைய தொலைபேசி பிரான்ஸ் டெலிகாமோடு ஓடட்டும். மேல்பகுதியைப் போட்டியாளர் எடுத்துக்கொள்ளலாம். அந்த மேல்பகுதிக்குத்தான் மாதம் 2.90 யூரோ.

29.99 என்ற விலை எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். அது நியெலின் துணிச்சலில் மட்டும் பிறந்ததல்ல. மக்கள் வரியிலும் கட்டணத்திலும் இழுத்த கம்பி ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாக முடங்கக் கூடாது என்று சட்டம் உறுதியாக நின்றது. ஒழுங்குமுறை ஆணையம் எண்ணைக் குறித்துக் கொடுத்தது. கண்டுபிடிப்பாளர்களைக் கொண்டாடும் வரலாறு இந்த ஆணைகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தத் தொடரின் நாயகர்களில் ஒருவர் அந்த 2002 ஏப்ரல் ஆணைதான்.

கதவு திறந்தாயிற்று. உள்ளே கொண்டுபோக என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்காத பெட்டி

நியெலும் அவருடைய தொழில்நுட்பத் தலைவர் ரானி அஸாஃபும் அமெரிக்காவுக்குப் போனார்கள். இணையம், தொலைபேசி, டிவி மூன்றையும் ஒரே கம்பியில் கொடுக்கும் பெட்டி சிலிக்கான் பள்ளத்தாக்கில் யாரிடமாவது இருக்கும் என்று நம்பினார்கள். தேடினார்கள். மோடம் விற்பவர் இருந்தார், டிவி பெட்டி விற்பவர் இருந்தார். மூன்றையும் ஒன்றாக்கியவர் யாரும் இல்லை.

திரும்பி வந்து, நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். சில பொறியாளர்கள் கொண்ட சிறு குழு. உள்ளே லினக்ஸ்.

இங்கே ஒரு பழைய கடன் தீர்ந்தது. கம்பியின் மேல்பகுதியில் தரவை அனுப்ப இவர்கள் பயன்படுத்திய ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பம் இணையத்துக்காகப் பிறந்ததே அல்ல. 1980-களின் இறுதியில், நியூ ஜெர்சியின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் அதை யோசித்தபோது, நோக்கம் டிவி. கேபிள் நிறுவனங்களோடு போட்டிபோட, தொலைபேசிக் கம்பியில் சினிமா அனுப்ப ஆசைப்பட்டார்கள். இரு திசையிலும் சம வேகம் கொடுத்தால் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று குழப்பும். வீட்டுக்கு வரும் திசைக்கு அதிக இடமும் போகும் திசைக்குக் குறைந்த இடமும் கொடுத்தால் குழப்பம் குறையும் என்று அவர் கண்டார். சினிமாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1990-களில் சோதனைகள் நடந்தன. செலவு தாங்காமல் டிவி திட்டங்கள் கைவிடப்பட்டன. அநாதையான ஏ.டி.எஸ்.எல்.-ஐ இணையம் தத்தெடுத்துக்கொண்டது.

இப்போது அதை அதன் முதல் வேலைக்கே திருப்பி அனுப்பப் பாரிஸில் ஒரு குழு தயாரானது. ஆனால் முதலில் திறந்தது டிவி துளை அல்ல.

நிமிடம் செத்த மாதம்

2003 ஆகஸ்ட். ஃப்ரீபாக்ஸின் தொலைபேசித் துளைக்கு உயிர் வந்தது.

சாதாரணத் தொலைபேசியை அதில் செருகினால் டயல் டோன் கேட்டது. பெட்டி, பேசுபவரின் குரலைப் பொதுவாக 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கும். நொடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்பும். ஒரு துண்டு தாமதமானால் அதற்காகக் காத்திருக்காது, விட்டுவிடும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தொலைந்தால் காதுக்குத் தெரியாது, ஆனால் பேச்சு தயங்கினால் உடனே தெரியும். அதே நேரத்தில் மகன் கணினியில் பெரிய கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தால், பெட்டி கோப்பை நிறுத்திவைத்துக் குரலை முதலில் விடும். முடிவெடுக்கும் மூளை வீட்டுக்குள், அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தது.

லூயி பூஸான் சொன்னது இதைத்தானே! நடுவில் இருப்பது நகர்த்தினால் போதும், முனையில் இருப்பது பார்த்துக்கொள்ளும். கால் நூற்றாண்டுக்கு முன் நிறுத்தப்பட்ட சிள்வண்டு, அதே தொலைத்தொடர்புத் துறை இழுத்த கம்பியில், பிரெஞ்சு வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது ஒரே கம்பியில் இரண்டு தொலைபேசிகள். கீழ்ப்பகுதியில் பழையது, அதற்கு மாதம் சுமார் 13 யூரோ சந்தாவும் அழைப்புக் கட்டணமும். மேல்பகுதியில் புதியது, இணையக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்ஸுக்குள் வீட்டுத் தொலைபேசிகளுக்குக் கணக்கில்லாமல் பேசுவது இத்தகைய பெட்டிகளின் வழக்கமான சலுகை ஆகிவிட்டது. போட்டி நிறுவனங்களும் இதே விலையைச் சுற்றி வந்து நின்றன. நிமிடத்தை எண்ணிக் காசு வாங்கும் பழைய பழக்கம், வீட்டுத் தொலைபேசியில் முடிவுக்கு வரத் தொடங்கியது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். ஊரே இருட்டில் மூழ்கினாலும் டயல் டோன் இருக்கும், ஆம்புலன்ஸை அழைக்கலாம். பெட்டித் தொலைபேசி, வீட்டில் மின்சாரம் போன கணமே ஊமையாகிவிடும். தனியே வாழும் முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மலிவு வந்த வேகத்தில் இந்தப் பாதுகாப்பு நழுவிப் போனதை அன்று போதிய அளவு யாரும் பேசவில்லை. இன்று உலகெங்கும் தாமிர இணைப்புகளை மூடும்போது இதே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

கடைசித் துளை

2003 டிசம்பர். மிச்சமிருந்த துளையின் முறை.

டிஷ்ஷிலோ கேபிளிலோ எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் வீட்டு வாசல் வரை வந்து நிற்கும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். தொலைபேசிக் கம்பியில் அத்தனைக்கும் இடம் இல்லை. அன்றைய முறையில் ஒரு சேனலுக்கே நொடிக்கு மூன்று, நான்கு மெகாபிட் தேவை. எனவே, பார்க்கும் சேனல் மட்டும் கம்பியில் வந்தது. ரிமோட்டை அழுத்தினால் பெட்டி எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஃப்ரீயின் இயந்திரத்துக்குச் செய்தி அனுப்பும்: பழையதை நிறுத்து, புதியதைக் கொடு. அதற்குள் ஒரு நொடி போய்விடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தொலைவில் இருந்தால் சிக்னல் தேய்ந்து, டிவி வரவே வராது. ஆனாலும் வந்த வீடுகளில் அது அதிசயம். கூரையில் டிஷ் இல்லை, கேபிள்காரர் இல்லை. சுவரில் முப்பது ஆண்டுகளாகக் கிடந்த தொலைபேசித் துளையிலிருந்து டிவி வந்தது. கூடுதல் சந்தா இல்லாமலே ஒரு கட்டுச் சேனல்கள். அதே 29.99 யூரோ.

குடும்பங்கள் சோபாவில் உட்கார்ந்து சேனல் பட்டியலைப் புரட்டின. செய்திச் சேனல்கள் இருந்தன. வெளிநாட்டுச் சேனல்கள் இருந்தன.

டிஎஃப்1 இல்லை.

பிரான்ஸில் மிக அதிகம் பேர் பார்க்கும் சேனல் அது. இரவு எட்டு மணிச் செய்தி, கால்பந்து, ஞாயிறு சினிமா எல்லாம் அதில்தான். இன்னொரு பெரிய சேனலான எம்6-ம் பட்டியலில் இல்லை.

இரண்டும் சேர்ந்து அப்போது டி.பி.எஸ். என்ற கட்டணச் செயற்கைக்கோள் டிவியின் உரிமையாளர்கள். அதே டிசம்பரில் லியோன் நகரத்தில், தொலைபேசிக் கம்பி வழியே வரும் மற்றொரு டிவி சேவை தொடங்கியது. டி.பி.எஸ். தன் சேனல்களை அதற்குக் கொடுத்திருந்தது. அந்தச் சேவையை நடத்தியது யார் தெரியுமா?

பிரான்ஸ் டெலிகாம்!

கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த யானை, தியெரி ப்ரெத்தோன் என்ற புதிய தலைவரின் கீழ் எழுந்து நின்றுவிட்டது. கம்பியைச் சட்டம் திறந்துவிடலாம். ஒரு சேனலை எந்தக் கம்பியில் விடுவது என்று சேனலின் உரிமையாளர்தானே முடிவுசெய்வார்? டிஎஃப்1 இல்லாத டிவியை எத்தனை குடும்பங்கள் டிவி என்று ஒப்புக்கொள்ளும்?

ஃப்ரீயின் பொறியாளர்கள் மீண்டும் வரைபலகைக்கு முன் உட்கார்ந்தார்கள். கம்பி வழியாகக் கிடைக்காத சேனலை அதே பெட்டிக்குள் கொண்டுவர ஒரு வழி இருந்தது. யாருடைய சம்மதமும் கேட்கத் தேவையில்லாத வழி. அதற்குப் பெட்டியில் இன்னொரு துளை போட வேண்டும்.

அந்தத் துளையில் எதைச் செருகினார்கள்?

(அடுத்த வாரம் தொடரும்)